மரத்தடியில் நில்லுங்கள், பறவை வரும்

கல்லூரி வளாகத்துக்குள் ஆட்களை அழைத்துப்போய் மரமும் பறவையும் காட்ட ஆசை, எப்படித் தொடங்குவது என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தெந்த மரத்தடியில் நிற்கப் போகிறீர்கள்? எந்தப் பாதை, எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அப்புறம்.

நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 11 வருடமாகத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்துக்குள் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சின்னக் கூட்டங்களை அழைத்துப்போகிறேன். தாவரவியலும் படித்ததில்லை, விலங்கியலும் படித்ததில்லை. "படிப்பு இல்லாமல் எப்படி நாலு பேர் முன்னால் பேசுவது?" என்று தயங்குகிறவர்களுக்கு இந்த வளாகமே பதில் வைத்திருக்கிறது. 1937-ல் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தபோது, இங்கே மரம் நட்டு வளர்த்ததில் முன்னால் நின்றவர்கள் எட்வர்ட் பார்ன்ஸ், அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸ். பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். பிற்காலத்தில் இதே வளாகத்தின் பறவைகளைக் கவனித்துக் குறித்து வைத்த கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர். இருவருக்கும் செடியும் பறவையும் வேலை நேரத்துக்கு வெளியே வந்த விருப்பம். தினம் பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள். நமக்கும் அது போதும்.

வைத்த மரம், முளைத்த மரம்

வளாகம் ஏறக்குறைய 365 ஏக்கர். அதற்குள் இரண்டு உலகம் இருக்கிறது. சாலையோரமும் விடுதிகளைச் சுற்றியும் இருப்பவற்றில் பல, மனிதர்கள் கொண்டுவந்து வைத்தவை. தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது, குல்மொகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. சாலையை விட்டு உள்ளே இறங்கினால் இருப்பது சோழமண்டலக் கரைக்கே உரிய காடு. நூல்களில் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று எழுதுவார்கள். குட்டை மரங்கள், தடித்த இலை, எங்கு பார்த்தாலும் முள். குருந்து, காயா, களா, காரை, சூரை எல்லாம் இங்கேதான். வண்டலூர்ப் பக்கமும் இதே காடுதான், ஆனால் சென்னையைச் சுற்றி இது மிச்சமிருக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒவ்வொரு மரத்தடியிலும் நான் முதலில் சொல்வது இது வைத்ததா, தானே முளைத்ததா என்பதை. புதிதாக வருகிறவர்கள் பூத்துக் கிடக்கும் பெரிய மரத்தின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், பக்கத்தில் இடுப்பளவு நிற்கும் காயாவை மிதித்துக்கொண்டு போவார்கள். சங்கப் பாட்டில் கண்ணனின் நிறத்துக்கும் மயிலின் கழுத்துக்கும் ஒப்புச் சொல்லும் காயாம்பூ இதுதான் என்று காட்டினால் கால் தானாக விலகும். பூக்கும் சமயத்தில் கிளையைச் சுற்றி நீலப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். ஒரு முறை பார்த்தவர்கள் மறுபடி அதை "புதர்" என்று சொல்லவே மாட்டார்கள்.

நிற்கும் இடங்களைத் தேர்ந்தெடுப்பது

முக்கியமான வேலை இது, ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் முதன்முதலில் வழிநடத்தியது வேறொரு இடத்தில். 38 பேர் வந்தார்கள். இரண்டரை மணி நேரத்தில் 60 மரங்களுக்குப் பெயர் சொன்னேன், அறிவியல் பெயரோடு. பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் வரிசையின் பின்பாதி ஆட்கள் அவரவர் பேச்சில் இருந்தார்கள். ஒரு பறவையையும் நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் 38 ஜோடிக் கால் நடந்துகொண்டே இருந்தால் எந்தப் பறவை உட்கார்ந்திருக்கும்? அடுத்த மாதம் 4 பேர் வந்தார்கள். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்: 60 மரம் வேண்டாம், 6 மரம் போதும். ஆனால் அந்த 6 மரத்திலும் செடியும் பறவையும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும்.

செடிக்குத் தனி நடை, பறவைக்குத் தனி நடை என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பறவை பார்க்கிறவர் மரத்தை வெறும் கிளையாகப் பார்க்கிறார், மரம் பார்க்கிறவர் தலைக்கு மேல் நடப்பதைத் தவறவிடுகிறார். மரத்தைப் பிடித்தால் பறவை தானாக வரும். என் ஆறில் சிலவற்றைச் சொல்கிறேன், உங்கள் வளாகத்திலும் இவை கிடைக்கும்.

ஒன்று, காய்ந்த மட்டை தொங்கும் பனை. எல்லாரையும் பனைக்கு 20 அடி தள்ளி நிறுத்தி, மட்டைக்குக் கீழே வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பனை உழவாரன் வளைந்த சிறகோடு சுற்றிச் சுற்றி வந்து சட்டென்று ஓலைக்குள் ஏறிவிடும். தன் எச்சிலையே பசையாக்கி, இறகையும் பஞ்சையும் ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கூடு வைக்கிற பறவை. தரையில் உட்காராது, கம்பியிலும் உட்காராது. வளாகத்தை அழகாக்குகிறோம் என்று பனையின் காய்ந்த ஓலையை எல்லாம் கழித்துவிட்டால் அதற்கு வீடு இல்லை. இதைச் சொல்லும்போது கல்லூரித் தோட்ட வேலை பார்க்கிறவர்களும் பக்கத்தில் இருந்தால் நல்லது. நான் அவர்களையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வேன்.

இரண்டு, பழுத்த ஆலமரமோ அரசமரமோ. இங்கே அரை மணி நேரம் நின்றாலும் நேரம் போவது தெரியாது. செம்மார்புக் குக்குறுவான் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, செப்புக் குடம் தட்டுகிறவர் மாதிரி டுக் டுக் டுக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். குயில், மைனா, சின்னான் எல்லாம் வரும். குயில் என்றால் கருப்பு என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு பழம் தின்கிற பெண் குயிலைக் காட்டினால், "இத்தனை வருஷமாக இதை வேறு பறவை என்றல்லவா நினைத்தேன்" என்று ஒருவராவது சொல்வார்.

மூன்று, சருகு மூடிய புதரடி. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மட்டும். ஆறுமணிக்குருவி வடக்கே இருந்து வந்து நம் புதர்க்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. விடியும்போதும் அடங்கும்போதும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், பெயரே அதனால்தான். குருந்தும் காயாவும் அடர்ந்த நிழலில் எல்லாரையும் உட்கார வைத்து, வாய் திறக்காமல் 10 நிமிடம் இருங்கள். சருகைப் புரட்டும் சத்தம் முதலில் வரும். அப்புறம் பச்சை முதுகும், வாலடியில் சிவப்பும், கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டையும் தெரியும். வராத நாளும் உண்டு. வராவிட்டால் குருந்து இலை ஒன்றைக் கசக்கி முகரக் கொடுங்கள், எலுமிச்சை வாசம் அடிக்கும். அந்த வாசத்தைத் தேடித்தான் சில வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட வருகின்றன. கையில் ஏதாவது கிடைத்த திருப்தியோடு எழுந்திருப்பார்கள்.

நான்கு, புல்லுருவி பிடித்த வேம்பு. புல்லுருவி என்பது மரக்கிளையிலேயே ஒட்டி வளரும் ஒட்டுண்ணிச் செடி. எனக்கு மிகவும் பிடித்த இடம். இதைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்ற இரண்டும் மாதத்துக்கு மாதம் மாறும். பிப்ரவரி, மார்ச்சில் கல்யாண முருங்கை இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும்போது கரிச்சானும் மைனாவும் தேன்சிட்டும் அடித்துப் பிடித்துக்கொண்டு வரும், அப்போது அங்கே நிற்காமல் வேறெங்கு நிற்பது. சித்திரையில் சரக்கொன்றை. மழை மாதத்தில் வேலியோரம் ஏறியிருக்கும் செங்காந்தள்.

முன்னோட்டம்

நடைக்கு முந்தின நாள், அதே நேரத்துக்கு, அதே வழியில் தனியாகப் போய் வாருங்கள். இதை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. எந்த அத்தி பழுத்திருக்கிறது, எந்தக் கிளை ஒடிந்து தொங்குகிறது, எங்கே கூடு இருக்கிறது என்பது முந்தின நாள் பார்த்தால்தான் தெரியும். கூடு இருக்கும் மரத்தடியை வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். காவலாளி அண்ணன்மாரிடம் நின்று பேசுங்கள். ராத்திரிக் காவல் பார்க்கிறவருக்கு எந்தப் பொந்தில் புள்ளி ஆந்தை இருக்கிறது, மரநாய் எந்தச் சுவரேறிப் போகிறது என்பதெல்லாம் தெரியும். புள்ளிமான் எந்தப் பக்கம் மேய்ந்தது என்று அவரைக் கேட்டுத்தான் நான் பல நாள் வழியை மாற்றியிருக்கிறேன்.

அனுமதிக் கடிதம் முதல்வர் பெயருக்கு எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், எந்தப் பகுதி என்பது நான்கு வரியில் இருக்கட்டும். வாயிலில் நிற்பவரிடம் அதன் நகல் ஒன்று கொடுத்துவிடுங்கள். தேர்வு நடக்கும் வாரங்களைத் தவிருங்கள்.

நேரம், கூட்டம், கையில் என்ன

காலை ஆறேகாலுக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பறவையும் ஒதுங்கும், பெரியவர்களும் களைத்துவிடுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். வலசைப் பறவைகள் இருக்கும், மழை பெய்து காடு பச்சையாக இருக்கும். ஒருவர் வழிநடத்தினால் 12 பேர், அதிகம் போனால் 15. கடைசி ஆளுக்குப் பின்னால் வர ஒரு துணை கட்டாயம் வேண்டும். நடக்க முடியாத பெரியவர்கள் வந்தால் நிழலில் ஓர் இடத்தில் நாற்காலி போட்டுவிட்டு, நீங்கள் அங்கிருந்து தொடங்கி அங்கேயே வந்து முடியுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே 15 வகைப் பறவையைப் பார்த்த ஓர் ஐயா எங்கள் கூட்டத்தில் உண்டு. நடந்தவர்களில் பாதிப் பேர் அன்று அவ்வளவு பார்க்கவில்லை.

மூடிய செருப்பு அல்லது ஷூ, முழுக்கைச் சட்டை, தண்ணீர், தொப்பி. பளீர் மஞ்சள், பளீர் வெள்ளை வேண்டாம். மழைக்குப் பிறகு புல்லுக்குள் இறங்க வேண்டாம், பாம்பு இருக்கும் காடு இது.

பைனாகுலர் மூன்று பேருக்கு ஒன்று இருந்தால் தாராளம். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ளது வாங்குங்கள். அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். நடக்கத் தொடங்குமுன் 5 நிமிடம் பயிற்சி கொடுத்துவிடுங்கள். தூரத்துப் பெயர்ப் பலகை ஒன்றைக் காட்டி, முதலில் வெறுங்கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதியவர்கள் எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவார்கள். கிடைக்காது, பறவை போயிருக்கும், முகம் வாடிவிடும். கண்ணாடி போட்டவர்களுக்கு கண்பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே அழுத்திக் கொடுங்கள்.

பறவையைக் காட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. "அதோ, அந்தக் கிளையில்" என்று கை நீட்டினால் யாருக்கும் தெரியாது, கை அசைந்ததில் பறவைதான் பறக்கும். மரத்தை ஒரு கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். உச்சி 12, வலது ஓரம் 3. "வேம்பு, இரண்டு மணி, காய்ந்த குச்சிக்குக் கீழே, இலைக்குள்" என்று மெதுவாகச் சொன்னால் 15 பேர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். இதற்காகவே மரத்தின் பெயர்களை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பெயரைப் பயன்படுத்தும்போது அது மனதில் நிற்கும், நாம் தனியாக மனப்பாடம் பண்ணச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர்

ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். செம்போத்து என்பார்கள், செண்பகம் என்பார்கள். கரிச்சானும் இரட்டைவால் குருவியும் ஒன்று. நூலில் உள்ளதுதான் சரி என்று யாரையும் திருத்தாதீர்கள். "உங்கள் ஊரில் இதை என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டு, அந்தப் பெயரையும் ஊரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டியை ஒருநாள் அழைத்துவந்தார்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. களா புதரைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முள்ளுக்கு நடுவே எப்படிக் கை விட வேண்டும், எந்தக் காய் ஊறுகாய்க்கு, எது பழுத்துத் தின்ன என்று எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைய நடையை மீதி நேரம் அவர்தான் நடத்தினார்.

உங்களுக்குத் தெரியாத பறவை வந்தால், ஊகித்துப் பெயர் சொல்ல வேண்டாம். அளவு, அலகு, வால், நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எல்லாரையும் சொல்லச் சொல்லி எழுதுங்கள். வீட்டுக்குப் போய்த் தேடலாம். கணக்கு எழுதினவளாக இதில் நான் கறாராக இருக்கிறேன், தப்பாக எழுதின பதிவைவிட வெறும் கோடு மேல்.

செய்யக் கூடாதவை

போனில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். ஆறுமணிக்குருவி விஷயத்தில் இதைப் பலரும் செய்கிறார்கள், எனக்கு மனசு வலிக்கிறது. கூட்டைப் படம் எடுக்கக் கிளையை விலக்க வேண்டாம். ஆந்தைமேல் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம்.

குழந்தைகள் வந்தால் குன்றிமணியை முதலிலேயே காட்டி எச்சரித்துவிடுங்கள். சிவப்பும் கருப்புமாக அழகாக இருக்கும், எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். அதன் உள்பருப்பு கொடிய நஞ்சு. செங்காந்தள் கிழங்கும் அப்படியே. பழம் பறித்துத் தின்பதை நான் அனுமதிப்பதில்லை, அந்தப் பாட்டி வந்த நாள் ஒன்று தவிர.

முடிக்கும்போது

கடைசி 15 நிமிடம் எல்லாரும் ஒரு நிழலில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபாருங்கள். ஆளுக்கொரு பறவை சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். அந்தப் பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கான கணக்கெடுப்பும் நடக்கும். 15 நிமிடம் நின்று, பார்த்த எல்லாவற்றையும் எண்ணி எழுதினாலே பட்டியல் செல்லும். காக்கையையும் எண்ணுங்கள். காக்கையை விட்டுவிட்ட பட்டியலால் யாருக்கும் பயனில்லை.

இனி அந்த வேம்பு.

போன மார்ச்சில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்திருந்தான். வேம்பின் தாழ்ந்த கிளையில் புல்லுருவி பிடித்து, ஆரஞ்சுக் குழல் பூவும் இளஞ்சிவப்புப் பழமுமாக இருந்தது. எல்லாரையும் அங்கே நிறுத்தி, "வேம்பு இலைக்கும் இந்த இலைக்கும் வித்தியாசம் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். டிக் டிக் என்று குரல் வந்தது. கட்டைவிரல் அளவுப் பறவை, சாம்பல் பச்சை, வெளிர் அலகு. பூக்கொத்தி. பழத்தைத் தின்றது, பக்கத்துக் கிளைக்குத் தாவியது. சில நிமிடத்தில் எச்சமிட்டது. அது கீழே விழவில்லை, பிசுபிசுவென்று நூல்போலத் தொங்கியது. பறவை உடம்பைக் கிளையோடு தேய்த்தது, விதை கிளையிலேயே ஒட்டிக்கொண்டது. அந்தப் பழத்தின் பசை கடைசிவரை விதையை விடாது, அதனால்தான் புல்லுருவி மண்ணையே தொடாமல் கிளைக்குக் கிளை போகிறது. இதில் நான் சொல்ல வேண்டிய பாதியை அந்தப் பையனே, "ஆன்ட்டி, அது விதையை நட்டுட்டுப் போகுது" என்று கத்திச் சொல்லிவிட்டான்.

கிளையில் அந்த இடத்துக்கு நேர் கீழே தண்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, தேதியை நோட்டில் எழுதிக்கொண்டோம். அடுத்த மாதம் வாயிலில் என் கையெழுத்து முடியுமுன்னே அவன் வேம்பை நோக்கி ஓடினான். மழை இல்லாத மாதம், கோடு அழியாமல் இருந்தது. பைனாகுலரை வாங்கி, முதலில் வெறுங்கண்ணால் பார்த்து, அப்புறம் கண்ணுக்குக் கொண்டுபோனான். காய்ந்து ஒட்டியிருந்த விதையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பச்சையாக ஒன்று நீட்டிக்கொண்டு, கிளைப் பக்கமாக வளைந்திருந்தது.